ஹம்ப் கேட்கும் முன் தெருவை அளந்து பாருங்கள்

அல்சூர், மர்பி டவுன், காக்ஸ் டவுன், ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் தமிழ் கேட்கும் எந்தப் பேட்டைக்குப் போனாலும் புகார் ஒன்றுதான்: "கிராஸ் ரோடுல வண்டிங்க பறக்குது, ஒரு ஹம்ப் போடச் சொல்லுங்க." ஹம்ப் என்றால் வேகத்தடை. புகாரில் தவறே இல்லை. ஆனால் எங்கே, எந்த அளவில், யாரிடம் என்று தெரியாமல் கேட்கும்போது இரண்டில் ஒன்று நடக்கிறது. மனு ஆபீசிலேயே கிடந்து மக்கிப்போகிறது. இல்லையென்றால் ஒரு நாள் ராத்திரி, ரோடு போட்டு மிஞ்சிய தாரைக் கொட்டி, ஒரு சின்னச் சுவர் மாதிரி எழுப்பிவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரமே அதில் ஸ்கூட்டர் ஏறி யாராவது விழுகிறார்கள்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு காட்சியில் வைத்துப் பார்க்கலாம். காலை ஆறரை மணி. நந்தினி பால் பூத்துக்குப் போன பெரியம்மா, நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ரோட்டில் கால் வைக்கிறார். ஓட்டுபவர் கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி அதற்குள் 12 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் பதினேழு பதினெட்டு மீட்டர். 50-ல் வரும் வண்டி அதே ஒன்றரை வினாடியில் 21 மீட்டர் ஓடிவிடும்; நிற்பதற்குள் 35 மீட்டர் ஆகும். அதாவது 30-ல் வந்தவர் வண்டியை நிறுத்தி முடித்த இடத்தில், 50-ல் வந்தவர் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். இதெல்லாம் காய்ந்த ரோட்டில், நல்ல டயரில் போட்ட கணக்கு. மழையில் இன்னும் பத்து மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்று. நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் 30-க்கு மேல் கூடாது என்று 2020-ன் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னதற்கும் இதுதான் அடிப்படை. நம் சட்டத்தில் நிலைமை வேறு. 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகங்களில் மாநகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, பைக்குக்கு 60 என்று இருந்தது. அதைக் குறைத்து வைக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவில் மாநில அரசுக்கு உண்டு. ஆகவே உங்கள் மனுவில் ஹம்போடு கூடவே 30 என்று எழுதிய வேக வரம்புப் பலகையையும் கேளுங்கள். பலகை மட்டும் வேகத்தைக் குறைக்காது, உண்மைதான். ஆனால் பலகை இல்லாத தெருவில் 45-ல் போனவரைப் பிடித்து நிறுத்தினாலும் போலீஸ் என்ன சொல்லி அபராதம் போட முடியும்?

இனி அளப்பது. இதற்கு ரேடார் கன் எதுவும் தேவையில்லை. தெருவில் நேராக ஓடும் பகுதியில் 50 மீட்டரை டேப்பால் அளந்து, இரண்டு முனையிலும் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். முன்சக்கரம் முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்கி, இரண்டாவது கோட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். 180-ஐ வினாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 6 வினாடி என்றால் 30 கிலோமீட்டர், நாலரை என்றால் 40, 3.6 என்றால் 50, 3 என்றால் 60. கோடு போட இடமில்லையா? இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், மீட்டரை 3.6-ஆல் பெருக்கி வினாடியால் வகுத்தால் போதும்.

தப்பு நடக்கிற இடங்கள் மூன்று. முதலாவது, ஒரே ஆள் ஒரு கோட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு தூரத்துக் கோட்டைச் சாய்வாகப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் வண்டி கோட்டைத் தொடும் முன்பே தொட்டதாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே ஒருவர் நிற்க வேண்டும். முதல் கோட்டுக்காரர் கையை இறக்க, இரண்டாவது கோட்டுக்காரர் வாட்ச்சைத் தட்ட வேண்டும். மொட்டை மாடியிலிருந்து இரண்டு கோடும் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுத்து, பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது; ஆதாரமும் கையில் இருக்கும். இரண்டாவது, வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும் வண்டிகளை எல்லாம் அளப்பது. முன்னால் போகிறவர் வேகம்தான் பின்னால் வருகிறவர் வேகமும்; ஆகவே முன்னால் நாலைந்து வினாடி இடைவெளியோடு தனியாக வரும் வண்டிகளை மட்டும் கணக்கில் எடுங்கள். மூன்றாவது, மஞ்சள் ஜாக்கெட்டும் கிளிப்போர்டுமாக ரோட்டோரம் நிற்பது. பார்த்ததும் எல்லோரும் மெதுவாகப் போவார்கள், எண் பொய்யாகிவிடும்.

நூறு வண்டி அளந்ததும், குறைந்த வேகத்திலிருந்து கூடிய வேகம் வரை வரிசைப்படுத்தி, 85-வது எண் என்ன என்று பாருங்கள். சராசரி வேண்டாம். போக்குவரத்துப் பொறியாளர்கள் பார்ப்பது அந்த 85-வது எண்ணைத்தான். நூற்றில் எண்பத்தைந்து பேர் அந்த வேகத்திலோ அதற்குக் கீழோ போகிறார்கள் என்று அர்த்தம். பள்ளி நேரத்தில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒருமுறை எடுங்கள். பைக், ஆட்டோ, கார், டேங்கர் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாளைக் கொண்டு போனால் ஆபீசில் உங்களிடம் பேசும் விதமே மாறும் என்பது என் நம்பிக்கை. "ரொம்ப ஸ்பீடா போறாங்க சார்" என்று சொல்கிறவர்கள் அவர்களிடம் தினமும் வருகிறார்கள்; எண்ணோடு வருகிறவர்கள் குறைவு.

அளந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். வேகம் தெரு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. 30 அடி ரோட்டில் இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் நாலரை மீட்டர்தான் மிஞ்சும். அங்கே யாரும் பறக்க முடியாது. 40 அடி ரோடும், ஒரு பக்கம் பார்க் அல்லது பள்ளிச் சுவராக இருந்து வாசல்களே இல்லாத ரோடும்தான் ஓட்டப் பந்தயத் திடல் ஆகின்றன. இன்னொரு காரணம், தெருவை ஒருவழிப் பாதை ஆக்குவது. நெரிசல் குறையட்டும் என்று குடியிருப்போரே கேட்டு வாங்குவார்கள். எதிரே வண்டி வராது என்று தெரிந்ததும் எல்லோரும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். ஒருவழி கேட்கும்போதே வேகத்தடையும் சேர்த்துக் கேட்காவிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்கும்.

நம் பழைய கன்டோன்மென்ட் பேட்டைகளிலும் லேஅவுட்களிலும் மெயின் என்ற பெரிய தெருவும் கிராஸ் என்ற குறுக்குத் தெருவும் கட்டம் கட்டமாக வெட்டிக்கொள்ளும். அங்கே உண்மையான ஆபத்து தெருவின் நடுவில் இல்லை, நாலு முனைச் சந்திப்பில்தான். சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. தெரிந்தவர் சிலர், கடைப்பிடிப்பவர் அதிலும் சிலர். மூலைவரை கார் நிறுத்தியிருந்தால் இரண்டு பக்கத்துக்காரருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இந்த இடத்துக்கு முதல் மருந்து ஹம்ப் இல்லை. மூலையிலிருந்து ஐந்தாறு மீட்டருக்கு வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வதும், மறைக்கும் மரக்கிளையையும் விளம்பரப் பலகையையும் அகற்றுவதும்தான். அதன் பிறகு, சின்னத் தெரு பெரிய தெருவில் சேரும் இடத்தில், சின்னத் தெருப் பக்கம் ஒரு ஹம்ப்.

ஹம்பின் அளவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வேகத்தடைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த வழிகாட்டி ஐஆர்சி 99. அதில் சொல்லப்படும் வட்டவடிவ ஹம்ப், 25 கிலோமீட்டர் வேகத்தில் வசதியாக ஏறி இறங்குவதற்கானது. வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடு உச்சியில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. ஒரு கார் முழுசாக அதன்மேல் நிற்கலாம், அவ்வளவு நீளம். நம் தெருக்களில் பெரும்பாலும் இருப்பது முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் நீளத்தில் செங்குத்தாக நிற்கும் மேடு. அதில் மெதுவாகப் போனாலும் காரின் அடி உரசும். கர்ப்பிணிக்கும் முதுகுவலிக்காரருக்கும் நரகம். பின்னால் உட்கார்ந்து போகும் பாட்டி ஸ்கூட்டரிலிருந்து தூக்கி எறியப்படுவார். இதில் கொடுமை என்னவென்றால், கார்க்காரர் வேகமாகப் போனால் அவருக்கு அது குறைவாகத்தான் தெரியும். நீளம் குறைந்த மேட்டில், வண்டியின் உடல் எழும்புவதற்குள் சக்கரம் இறங்கிவிடும். அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். யாரைத் தடுக்க வேண்டுமோ அவரை விட்டுவிட்டு, பைக்காரரையும் ஆம்புலன்சில் படுத்திருப்பவரையும் தண்டிக்கிற மேடு அது.

3.7 மீட்டர் ஹம்ப் ஏன் போடுவதில்லை என்றால், கலவைதான் காரணம். ஆறு மீட்டர் அகலத் தெருவுக்கு ஒரு ஹம்ப் போட ஒன்றரை கன மீட்டர் தார்க் கலவை வேண்டும். எடையில் ஏறக்குறைய மூன்றரை டன். மிஞ்சியதைக் கொட்டும்போது அவ்வளவு இருக்காது. இருப்பதை வைத்து உயரத்தை மட்டும் எழுப்பிவிடுகிறார்கள். ஆகவே ரோடு போட்டு முடித்தபின் கேட்காதீர்கள். தார் போடும் எஸ்டிமேட் தயாராகும்போதே ஹம்ப், பெயின்ட், பலகை மூன்றும் அதில் தனி வரியாக ஏறவேண்டும். குண்டும் குழியுமாக இருந்த ரோடு வழவழப்பானதும் வேகம் ஏறத்தான் செய்யும். பழைய ஹம்பும் புதுத் தாரின் கீழ் மறைந்துபோகும். புது ரோடு போட்ட முதல் மாதத்தில்தான் தெரு மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

போட்ட ஹம்ப் சரியா என்று பார்க்க, கொத்தனாரின் நாலு மீட்டர் அலுமினிய மட்டப்பலகை போதும். உச்சியில் நடுவை வைத்து ரசமட்டம் பார்த்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். நடுவிலிருந்து 92 சென்டிமீட்டர் தள்ளிப் பலகைக்கும் ஹம்புக்கும் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் 85-ல், அதாவது ஓரத்தில், பத்து சென்டிமீட்டர். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பெரிய குற்றமில்லை. ஒரு மீட்டருக்குள்ளேயே பத்து சென்டிமீட்டர் இறங்கிவிட்டால் அது ஹம்பே இல்லை. போட்டோவோடு திருத்தச் சொல்லி எழுதுங்கள். பஸ்ஸும் லாரியும் அதிகம் போகும் ரோடு என்றால் இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டருக்கு, இருபதுக்கு ஒன்று சரிவில் சாய்தளம் சேர்க்க வேண்டும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

ஒரே ஒரு ஹம்பால் ஒரு நீளத் தெரு அடங்காது. தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். இருநூறு மீட்டர் கிடைத்தால் மறுபடி 50. தொடராகப் போட்டால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 100 முதல் 120 மீட்டர் என்பது ஐஆர்சி அளவு. முதல் ஹம்புக்கு 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஹம்ப் ரோட்டின் முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் போக விடும் சந்து அரை மீட்டரானால் எல்லா பைக்கும் அந்தச் சந்துக்கு, அதாவது நடந்து போகிறவர் காலடிக்கு, வந்துவிடும். தண்ணீர் தேங்குமென்றால் சந்தை அகலமாக்காமல், சாக்கடை வாய் ஹம்புக்கு மேல்பக்கம் வருகிற மாதிரி இடத்தை மாற்றுங்கள்.

மஞ்சளும் கறுப்புமாக போல்ட் அடித்துப் பதிக்கும் பிளாஸ்டிக் தடைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டேங்கர் ஏறி ஏறி ஒவ்வொரு துண்டாகப் பெயர்ந்து போகும். போல்ட் மட்டும் ரோட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். டயர் கிழியும், விழுந்தவர் முழங்கால் கிழியும். பள்ளி வாசலில், மனிதர் நிறையக் கடக்கும் இடத்தில் ஹம்பைவிடச் சிறந்தது மேடை போன்ற நடைபாதைக் கடப்பு. நடைபாதை மட்டத்துக்கு ரோடே உயர்ந்து, தட்டையாக ஓடி, இறங்கும். கடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை. சக்கர நாற்காலியும் போகும்.

மனு எங்கே கொடுப்பது? இரண்டு இடம். தெருவுக்குரிய டிராஃபிக் போலீஸ் ஸ்டேஷன் ஒன்று. நீங்கள் மற்ற புகார்களுக்குப் போகும் ஸ்டேஷனும் அதுவும் ஒன்றல்ல, எல்லையும் வேறு. இன்னொன்று மாநகராட்சியின் வார்டு இன்ஜினியர் ஆபீஸ். ஹம்ப் இங்கே வேண்டும் என்று டிராஃபிக் போலீஸ் ஒப்புக்கொண்டு எழுதினால் மாநகராட்சி போடும். ஒருவரிடம் மட்டும் போனால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார். 2025 செப்டம்பரில் பழைய ஒரே மாநகராட்சியான பிபிஎம்பி போய், கிரேட்டர் பெங்களூரு அத்தாரிட்டியின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. உங்கள் தெரு இப்போது மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு இதில் எதில் என்று முதலில் பாருங்கள். பழைய முகவரிக்குக் கொடுத்த மனு போய்ச் சேராது.

மனுவைக் கன்னடத்தில் கொடுங்கள். நமக்கு எழுத வராவிட்டால் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைக் கூட்டு சேருங்கள். கையெழுத்தும் எல்லா மொழிக்காரரிடமும் வாங்குங்கள். வேகம் எல்லார் பிள்ளைக்கும்தான். வேகத்தடைக்குக் கன்னடத்தில் 'ரஸ்தே உப்பு' என்பார்கள். இந்த உப்பு (ubbu) என்றால் அங்கே புடைப்பு. மேலே 'மனவி பத்ர' என்று தலைப்பு. உள்ளே தெருவின் பெயர், எந்த மெயினுக்கும் எந்த மெயினுக்கும் நடுவில், எந்தக் கதவெண்ணுக்கு எதிரே, ரோட்டின் அகலம், அளந்த தேதியும் நேரமும், 85-வது வேகம், பக்கத்தில் உள்ள பள்ளி, அங்கன்வாடி, ஆஸ்பத்திரி. கேட்பது என்ன என்று ஒரே வாக்கியம். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் சீலும் இன்வர்ட் நம்பரும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். 'ஸ்வீக்ருதி' என்று கேட்டால் புரியும். டிராஃபிக் ஸ்டேஷன்களில் மாதம் ஒரு சனிக்கிழமை பொதுமக்கள் கூட்டம் நடக்கும். ஐந்தாறு பேராக அந்தத் தாளோடு போங்கள். முப்பது நாற்பது நாளாகியும் அசைவில்லையென்றால், அந்த இன்வர்ட் நம்பரைக் குறிப்பிட்டு மனுவின் நிலை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே விஷயம், 150 சொல்லுக்குள் என்று விதி, மீறினால் திருப்பிவிடுவார்கள்.

விபத்து விவரமும் சேர்ந்தால் மனு கனக்கும். சின்ன மோதல்கள் போலீஸ் கணக்கில் ஏறுவதில்லை. மூலைக் கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, மணி, எந்தத் திசை, என்ன வண்டி, மழையா, விளக்கு எரிந்ததா என்று எழுதி வரச் சொல்லுங்கள். கேமரா பதிவுகள் சில நாளிலேயே அழிந்துவிடும். நடந்த அன்றே காப்பி எடுங்கள். தெருவிளக்கு எரியவில்லையென்றால் கம்பத்தின் நம்பரோடு மாநகராட்சியிடம் சொல்லுங்கள், மின்சாரம் கொடுக்கும் பெஸ்காமிடம் இல்லை.

கல், டிரம், மரக்கட்டை போட்டு நாமே தெருவை அடைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். பொதுவழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். அது கிடக்கட்டும், இருட்டில் அதில் மோதி ஒருவர் விழுந்தால் நமக்குத் தூக்கம் வருமா?

மனுவுக்குப் பதில் வருவதற்குள் நம் கையிலேயே இருக்கும் வேலை ஒன்று உண்டு. தெருவில் பறக்கும் வண்டிகளில் எத்தனை நம் வீட்டுக்கே வருபவை என்று அளக்கும்போதே குறியுங்கள். தண்ணீர் டேங்கர், கேப், பார்சல் பைக், ஸ்கூல் வேன். ஆறாயிரம் லிட்டர் டேங்கர் என்றால் தண்ணீர் மட்டும் ஆறு டன். பாதி இறக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும்போது உள்ளே தண்ணீர் அலையடிக்கும். பிரேக் போட்டதும் அந்த அலை முன்னால் வந்து இடிக்கும், வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. டேங்கர் வாங்குவது அபார்ட்மென்ட் சங்கம்தானே? காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரையும், பள்ளி விடும் நேரத்திலும் வரக்கூடாது, தெருவுக்குள் 20-க்கு மேல் கூடாது, ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் கீழே இறங்கிப் பின்னால் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மீறினால் அடுத்த லோடு வேறு ஆளுக்கு. இதற்கு எந்த ஆபீஸ் கையெழுத்தும் தேவையில்லை. அதேபோல, பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவி கொடுக்கும் வீட்டுக்காரருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைச் சொல்லுங்கள்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

கடைசியாக, ஹம்ப் போட்ட அன்று ராத்திரி. கறுப்பு ரோட்டில் பெயின்ட் இல்லாத கறுப்பு மேடு, பைக்காரர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பெயின்ட் அடிக்கும் ஆள் வேறு, அவர் வர வாரங்கள் ஆகலாம். அதுவரை தினம் சாயங்காலம் மேட்டின்மேல் சுண்ணாம்புத் தூளைப் பட்டை பட்டையாகத் தூவுங்கள். இரண்டு பக்கமும் ஒளிரும் டேப் ஒட்டிய பேரிகேட் வைக்க டிராஃபிக் போலீசைக் கேளுங்கள். பெயின்ட் வந்தபின் அது கண்ணாடி மணி கலந்த தெர்மோபிளாஸ்டிக்தானா என்று பாருங்கள். ராத்திரி ஹெட்லைட் பட்டால் மின்ன வேண்டும். சாதாரண பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. ஜூன் மழைக்கு முன் ஒருமுறை, அக்டோபர் மழை ஓய்ந்தபின் ஒருமுறை பட்டை தெரிகிறதா என்று ராத்திரியில் போய்ப் பாருங்கள். ஆறு வாரம் கழித்து அதே 50 மீட்டரில் மறுபடி நூறு வண்டி அளந்து, முன்னும் பின்னும் ஒரே தாளில் எழுதி, அதே இன்ஜினியரிடம் கொடுங்கள். பக்கத்து கிராஸ்காரர் மனு போடும்போது அந்தத் தாள் அவருக்கு உதவும்.